டோன் ஒட்டாத முகம்

மங்கா பாத்திரங்களின் தோல் நிறம் பத்தி எப்போ சண்டை வந்தாலும், நடுவில் யாராவது ஒருத்தர் "மூலத்துல அப்படி இல்லையே" என்று ஆரம்பிப்பார். அனிமேவில் நிறம் கூடினாலும் இதே வாதம்தான், குறைந்தாலும் இதே வாதம்தான். நிஜ நடிகர்களை வைத்து எடுத்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் மூலம் என்று நாம் சொல்வது என்ன? மலிவான தாளில் கறுப்பு மையில் அச்சான பக்கங்கள். எப்போதாவது சில பக்கங்கள் கலரில் வரும், தொகுப்பு நூலுக்கு ஒரு அட்டைப்படம் இருக்கும். மற்றபடி எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அந்தப் பக்கத்தில் தோலுக்கு நிறம் எப்படி வருது என்று பார்க்காமல் மூலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை.

மங்காவில் முகம் என்பது பெரும்பாலும் கோடு சுற்றிய காலி இடம். தாளின் வெள்ளைதான் தோல். அதே வெள்ளைதான் சட்டை, வானம், தேநீர்க் கோப்பை எல்லாமே. தோல் கொஞ்சம் அடர்த்தி என்று காட்ட வேண்டுமானால் ஸ்கிரீன் டோன் ஒட்டணும். புள்ளி புள்ளியாக அச்சிட்டு, பின்னால் பசை தடவிய மெல்லிய தாள் அது. முகத்தின் மேல் வைத்து, கண்ணின் வெள்ளை, பல், முடியின் ஓரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கத்தியால் வெட்டி எடுக்கணும். அந்தப் பாத்திரம் தலைகாட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த வேலை உண்டு. பெரும்பாலும் உதவியாளர்கள் தலையில்தான் விழும். இப்போது கிளிப் ஸ்டூடியோ மாதிரி மென்பொருளில் சில சொடுக்குகளில் முடிந்துவிடுகிறது. வேலை லேசாகிவிட்டது, வடிவமைக்கும் பழக்கங்கள் மட்டும் இன்னும் கத்திக் காலத்தவை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. நிழலுக்கும் அதே டோன்தான். 61ஆம் எண் என்று ஓவியர்கள் சாதாரணமாகச் சொல்வது, அங்குலத்துக்கு 60 வரி, 10 சதவீத அடர்த்தி உள்ள புள்ளித்தாள். கழுத்துக்குக் கீழே விழும் நிழல், சட்டை மடிப்பு, மேகம் என்று எங்கேயும் அது வரும். ஆக, டோன் ஒட்டிய முகம் நிரந்தரமாக நிழலில் நிற்கும் முகம் மாதிரித் தெரியும். அதன் மேல் உண்மையான நிழல் விழணும் என்றால் இன்னொரு அடுக்கு ஒட்டணும், வெளிச்சம் படணும் என்றால் கத்தி முனையால் சுரண்டணும். டோன் இல்லாத முகத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆக, பழுப்பு முகம் ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. வெள்ளை முகத்துக்கு யாரும் எதையும் முடிவெடுக்க வேண்டியதில்லை, அது தானாக வந்துவிடும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு ஒன் பீஸின் நிகோ ராபினைப் பாருங்கள். எய்ச்சிரோ ஓடாவின் மங்காவில் ராபின் முகத்தில் டோன் கிடையாது. அவருடைய வண்ண ஓவியங்களிலும் அவளுக்கும் நாமிக்கும் தோலில் பெரிய வித்தியாசம் தெரியாது. தோயி நிறுவனத்தின் அனிமேதான் அவளுக்கு மாநிறம் கொடுத்தது. பல வருஷம் அப்படியே போச்சு. கதையில் இரண்டு வருட இடைவெளி வந்த பிறகு, 2011 இலையுதிர்காலத்தில் குழு மறுபடி ஒன்றுசேரும் பகுதியில், ராபின் திடீரென்று வெளுத்துவிட்டாள். ஒரு தரப்பு "வெள்ளையடிச்சுட்டாங்க" என்றது, இன்னொரு தரப்பு "மூலத்துக்குத் திரும்பியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது தரப்பு ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. டோன் ஒட்டாததை "வெளிர் நிறம்" என்று வாசிப்பது ஒரு வாசிப்புதானே தவிர, பக்கத்தில் எழுதியிருக்கிற சேதி இல்லை. காலியாக விட்ட இடத்தை ஒருமுறை மாநிறமாக நிரப்பினார்கள், அடுத்த முறை வெளுப்பாக நிரப்பினார்கள். முதலாவதை மட்டும் "சேர்த்தது" என்றும், இரண்டாவதை "சரிசெய்தது" என்றும் சொல்கிறோம். அந்தச் சொல் வித்தியாசத்தில்தான் முழு விவகாரமும் உட்கார்ந்திருக்கு.

இதுக்கு ஜப்பானிய வாசகர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு, அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. டோன் இல்லாத முகம் அவர்களுக்கு ஐரோப்பிய முகம் இல்லை, தங்கள் முகம். பெரிய கண், மஞ்சள் முடி எல்லாம் இருந்தாலும் அது "நாம்". வெள்ளைக்காரனாகப் பார்ப்பது வெளியே இருந்து வாசிக்கிறவர்களின் கோளாறு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதத்தை அதன் கடைசிவரை கொண்டுபோனால் என்ன ஆகும்? டோன் இல்லாத முகம் "நாம்" என்றால், டோன் ஒட்டிய முகம் "அவர்கள்". ஜப்பானில் க்ரேயான் பெட்டியில் "ஹதா-இரோ", அதாவது தோல் நிறம், என்று ஒரு குச்சி இருந்தது. 2000 வாக்கில் அங்குள்ள கம்பெனிகள் அதை வெளிர் ஆரஞ்சு என்று பெயர் மாற்றின. நம்மூர் க்ரேயான் டப்பாவிலும் "ஸ்கின் கலர்" என்று ஒரு ரோஸ் குச்சி இருந்ததே, அதைப் பிடித்துப் படம் வரைந்த கை எந்த நிறம் என்று யாரும் கேட்கவில்லை. குச்சிக்குப் பெயர் மாற்றலாம். தாளின் வெள்ளைக்கு எந்தப் பெயரும் இல்லை, அதனால் மாற்றவும் வழியில்லை.

கேலிச்சித்திர வழக்கை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிராகன் பாலில் வரும் மிஸ்டர் போப்போ, முழுக்க மை பூசிய முகம், தடித்த உதடு, கடவுளுக்குச் சேவகம் செய்யும் உத்தியோகம் என்று வருவது அமெரிக்க மேடைக் கேலியிலிருந்து கடன் வாங்கிய உருவம். தேசுகா ஒசாமு இறந்த பிறகு, 1990இல், அவர் படைப்புகளில் இருந்த கறுப்பின மக்களின் சித்தரிப்புக்கு எதிர்ப்பு வந்தது. விநியோகம் நிறுத்தப்பட்டு, பிறகு விளக்கக் குறிப்போடு நூல்கள் மறுபடி வந்தன. இதில் வாதிக்கப் பெரிசாக ஒன்றும் இல்லை, தவறு கண்ணுக்கு நேராகத் தெரியுது. போப்போவுக்கு 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்த வைத்தியம்தான் வேடிக்கை. ஆளையே நீலமாக்கிவிட்டார்கள். கார்வண்ணன் என்று பாடிவிட்டு காலண்டரில் நீலம் அடிக்கிற ஊரில் இருந்து இதைப் பார்த்துச் சிரிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கு.

கேலி இல்லாமல், மரியாதையோடு, அழகாக வரையப்பட்ட பழுப்புப் பாத்திரங்கள்தான் என் ஆர்வம். அங்கேதான் பழக்கம் எப்படி வேலை செய்யுது என்று பார்க்க முடியும். ஃபேன்டசி மங்காவும் அனிமேவும் படிக்கிறவர்களுக்கு ஒரு கூட்டணி நல்லாப் பழக்கம்: பழுப்புத் தோல், வெள்ளி முடி. 'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' கதையின் பிரோட்டெஸ் இதுக்கு மூத்த உதாரணம். லோடோஸ், 1986இல் காம்ப்டிக் பத்திரிகையில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டப் பதிவுகளில் பிறந்த கதை. அந்த அமெரிக்க விளையாட்டில் இருட்டு எல்ஃப்கள் உண்டு, தோல் கறுப்பு, முடி வெள்ளை, குணம் கேடு. யுதகா இசுபுச்சியின் கையில் அது பழுப்பாகவும் கவர்ச்சியாகவும் மாறியது. 1990 அனிமேவுக்குப் பிறகு டார்க் எல்ஃப் என்றாலே அந்த உருவம்தான்.

இந்தக் கூட்டணிக்கு அச்சு சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறதாக நான் நினைக்கிறேன். முகம் சாம்பல் டோனாக இருக்கும்போது முடியைக் கறுப்பாக அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, சின்னக் கட்டங்களில் தலையே ஒரு கறையாகிவிடும். முடியை வெள்ளையாக விட்டால் முகம் பளிச்சென்று பிரிந்து நிற்கும். வசதியான தீர்வுதான். ஆனால் உலகத்தில் பழுப்புத் தோல்காரர்களில் பெரும்பாலோருக்குக் கறுப்பு முடி. வசதிக்காகச் செய்த தீர்வு, நிஜத்தில் எங்கேயும் இல்லாத ஒரு இனத்தை உண்டாக்கிவிட்டது. பழுப்புத் தோல் என்றாலே வேற்றுலகம், மந்திரம், சாபம் என்று கண் பழகிவிட்டது.

ஹிரோமு அராகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' இந்தக் கூட்டணியை எடுத்துக்கொண்டு, அதற்கு இருக்கிறதிலேயே கனமான அர்த்தம் கொடுத்த படைப்பு. 2001 ஜூலையில் தொடங்கி 2010 வரை கங்கன் மாத இதழில் வந்தது, 27 தொகுதிகள். இஷ்வால் மக்கள் பழுப்புத் தோல், வெள்ளை முடி, சிவப்புக் கண் உடையவர்கள். அமெஸ்ட்ரிஸ் ராணுவம் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று ஒழித்திருக்கிறது. கதையின் நாயகர்களாக நாம் நேசிக்கும் ராய் மஸ்டாங், ரிசா ஹாக்கை எல்லோரும் அந்தக் கொலையில் கை நனைத்தவர்கள். உயிர் தப்பிய ஒருவன், பெயரையே விட்டுவிட்டவன், வெறும் ஸ்கார், அரசு ரசவாதிகளைத் தேடித் தேடிக் கொல்கிறான். சிறுவர் பத்திரிகை ஒன்றில் இப்படி ஒரு கதையை இவ்வளவு நேர்மையாகச் சொன்னது பெரிய காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒருமுறை மஸ்டாங்கையும் ஸ்காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஸ்டாங்குக்கு முடி முழு மை, முகம் வெறும் தாள். ஸ்காருக்கு முடி வெறும் தாள், முகம் டோன். புகைப்படமும் அதன் நெகட்டிவும் மாதிரி இருக்கும். கொன்றவனும் தப்பியவனும் ஒருவருக்கொருவர் மறுபக்கம் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் பக்கமே சொல்லிவிடுகிறது. இது திட்டமிட்டு வந்ததா, தானாக வந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை, வாசிக்கிற கண்ணில் அது வேலை செய்யுது.

ஆனால் இங்கேயே ஒரு சிக்கலும் ஆரம்பிக்குது. அராகாவா ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். இஷ்வாலுக்குப் பின்னால் ஐனு மக்களின் நினைவு இருக்கு என்று அவரே சொல்லியிருக்கிறார், தன் முன்னோர்கள் அந்த நிலத்துக்கு வந்த குடியேறிகள் என்பதையும் மறைக்கவில்லை. ஐனுக்களுக்கு நடந்தது என்ன? 1869இல் மெய்ஜி அரசு அந்தத் தீவை ஹொக்கைடோ என்று பெயரிட்டுக் குடியேற்றத்தைத் தொடங்கியது. 1899இல் "முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்" என்று ஒன்று வந்தது. பாதுகாப்பு என்பது பெயரில் மட்டும். வேட்டையும் மீன்பிடியுமாக வாழ்ந்தவர்களை விவசாயிகளாக்கு, ஜப்பானியப் பள்ளிக்கு அனுப்பு, மொழியை மறக்கவை என்பதுதான் உள்ளடக்கம். அந்தச் சட்டம் 1997 வரை புத்தகத்தில் இருந்தது. அதாவது அங்கே நடந்த வன்முறையின் பெரிய பகுதி, ஒரு மக்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தன் வேர்களை மறைத்து வாழ்ந்தவர்கள் பலர்.

மங்காவில் இது நேர் எதிராக மாறுகிறது. இஷ்வாலியனை ஒரு மைல் தூரத்தில் அடையாளம் கண்டுவிடலாம், தோல், முடி, கண் மூன்றும் காட்டிக்கொடுத்துவிடும். பிரிக்ஸ் கோட்டையின் மேஜர் மைல்ஸ் பாட்டன் வழியில் இஷ்வாலியர், கண்ணை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். ஐனு வரலாற்றுக்கு மிக அருகே வரும் இடம் அந்தக் கண்ணாடிதான் என்பேன். ஆனால் கண்ணாடிக்குக் கீழே தோல் அப்படியே தெரியுது. ரத்தம் கலந்தாலும் டோன் கலையவில்லை. மறைந்து வாழும் அவஸ்தையைச் சொல்ல இந்த வடிவமைப்பில் இடமே இல்லை.

இதனால் இன்னொன்றும் நடந்தது. பழுப்புத் தோல், பாலைவனம், ஒரே கடவுள், ராணுவ ஆக்கிரமிப்பு என்று வரும்போது உலகமெங்கும் வாசகர்கள் இராக்கைத்தான் பார்த்தார்கள். தொடர் தொடங்கியது 2001 செப்டம்பருக்கு முன்பு, ஆனால் வாசிக்கப்பட்டது அதற்குப் பின்பு. ஹொக்கைடோவில் புறப்பட்ட கதை பாக்தாத்தில் போய் இறங்கிவிட்டது. சொந்த வீட்டுக் குற்றத்தைப் பேச வந்த கதையை, வேறொரு நாட்டின் குற்றமாக நிம்மதியாக வாசிக்க அந்த நிறம் வழிவிட்டது. இதை அராகாவாவின் நோக்கம் என்று சொல்ல மாட்டேன். டோனின் பழக்கம் என்பேன். "அவர்கள்" என்று சொல்ல கையில் இருந்த ஒரே குறி பழுப்பு. அதை எடுத்ததும் "அவர்கள்" தூர தேசத்துக்காரர் ஆகிவிட்டார்கள்.

அதே மங்காவில் பனின்யா என்று ஒரு பெண் வருவாள், ரஷ் வேலியில். பழுப்புத் தோல், இரண்டு காலும் இயந்திரம், எட்வர்டின் வெள்ளிக் கடிகாரத்தைத் திருடிக்கொண்டு கூரை மேல் ஓடுவாள். அவள் இஷ்வாலியர் இல்லை, அவள் தோல் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தச் சில அத்தியாயங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிக்பாக்கெட் வேலையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம் என்பது தனி விஷயம். 2022இல் வந்த நிஜ நடிகர் படத்தில் ஸ்காராக மக்கென்யூ நடித்தார், முகத்தில் பழுப்பு மேக்கப்போடு. தாளில் டோன் ஒட்டியதையே தோலில் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

நடிகர் தேர்வு என்றதும் மறுபடி ஒன் பீஸ். நெட்ஃபிளிக்ஸ் தொடரின் இரண்டாவது சீசனில் இளவரசி விவியாக சரித்ரா சந்திரன் என்று 2024இல் அறிவித்தார்கள். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிரிட்டிஷ் நடிகை, பிரிட்ஜர்டனில் பார்த்திருப்பீர்கள். உடனே "மூலத்துல விவி அப்படி இல்லையே". மூலத்தில் விவி எகிப்தை நினைவூட்டும் பாலைவன ராஜ்யத்தின் இளவரசி, முடி நீலம், முகத்தில் டோன் இல்லை. நீல முடியை யாரும் கேள்வி கேட்கவில்லை, பாலைவனத்தில் பிறந்து வளர்ந்தவள் மாநிறமாக இருக்கலாம் என்பதுதான் தாங்க முடியாமல் போச்சு. ஓடா ஒருமுறை வாசகர் கேள்விக்கு, தன் கடற்கொள்ளையர்கள் நிஜ உலகில் எந்த நாட்டுக்காரர்களாக இருப்பார்கள் என்று பட்டியல் போட்டார். உசோப் ஆப்பிரிக்கா, ராபின் ரஷ்யா. அந்தப் பட்டியலைச் சட்டப்புத்தகம் மாதிரிக் காட்டுகிறவர்கள் உண்டு. விவி அதில் இல்லை. அந்த இடம் காலிதான், ஓடாவே நிர்வாகத் தயாரிப்பாளராக இருக்கும் தொடர் அதை ஒரு வழியில் நிரப்பியிருக்கிறது.

பழக்கத்தை உள்ளிருந்தே மாற்றிய படைப்பு எது என்று கேட்டால், ரியோகோ குயியின் 'டன்ஜன் மேஷி'யைச் சொல்வேன். 2014 முதல் 2023 வரை ஹார்ட்டா இதழில் வந்தது, 14 தொகுதிகள். அதில் கப்ரூ என்று ஒருவன். பழுப்புத் தோல், நீலக் கண், சுருண்ட கறுப்பு முடி. கறுப்பு முடி! வெள்ளி முடி வசதியைக் குயி எடுத்துக்கொள்ளவில்லை. முகத்துக்கு மெலிசான டோன், முடிக்கு மை, இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு என்று பிரித்திருக்கிறார். கறையும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆக இத்தனை வருஷம் அது முடியாத காரியமாக இருந்ததில்லை. கென்டாரோ மியுராவின் பெர்செர்க்கில் காஸ்கா என்றோ நிரூபித்ததுதான், ஆனால் அவளுக்குக் கதை கொடுத்த கொடுமைகள் தனிக் கட்டுரைக்கானவை.

கப்ரூவின் ஊர் நிலவறை அரக்கர்களால் அழிந்தது, எல்ஃப் ஒருத்தி எடுத்து வளர்த்தாள். ஆனால் அவனுடைய கதை தோலின் கதை இல்லை. ஆளைப் பார்த்ததுமே எடைபோடுவான், இனிக்கப் பேசுவான், தேவைப்பட்டால் கொல்வான். அந்த உலகில் அரசியல் தெரிந்த ஆள் அவன்தான், நாயகன் லையோஸுக்கு மனுஷங்களைப் புரியவே புரியாது. அரக்கர்களை அருவருக்கும் கப்ரூ, லையோஸின் நட்பைப் பெறுவதற்காக ஹார்ப்பி முட்டையைச் சாப்பிட வேண்டிவரும் இடம் இருக்கே, அங்கே அவன் முகத்தை மட்டும் கட்டம் கட்டமாகப் பாருங்கள். புன்னகை, குமட்டல், மறுபடி புன்னகை. டோன் ஒட்டிய முகத்தில் உணர்ச்சி நிற்காது என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பக்கங்களைத்தான். அந்த முகம் மர்மமாகவும் இல்லை, சாபமாகவும் இல்லை, வயிற்றைப் புரட்டும் ஒரு மனிதனின் முகமாக இருக்கு.

இத்தனைக்கும் பிறகு அதே புத்தகத்தில் நிலவறையின் பைத்தியக்கார மந்திரவாதி யார் என்று பார்த்தால், திசில். எல்ஃப். பழுப்புத் தோல், வெள்ளி முடி. பிரோட்டெஸின் வம்சம் சுற்றி வந்து கடைசித் தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. குயி அவனுக்கு ஒரு பாவப்பட்ட கதை கொடுக்கிறார், சின்ன வயதிலேயே அரசவைக்கு விதூஷகனாகக் கொண்டுவரப்பட்டவன், கூடவே வளர்ந்த இளவரசனைச் சாகவிடாமல் காக்கப்போய் ஒரு ராஜ்யத்தையே கெடுத்தவன். படித்து முடிக்கும்போது அவன்மேல் கோபம் நிற்காது. ஆனால் அவன் முதலில் கட்டத்துக்குள் வந்து நிற்கும்போது, ஒரு வசனமும் பேசுவதற்கு முன்னாலேயே, இவன்தான் வில்லன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.